ஹேண்டிலைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள்

ஏரியூர் வட்டாரத்தில் பதினொன்றாம் வகுப்பில் அரசின் இலவசச் சைக்கிள் வாங்கிய மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சைக்கிள் கைக்கு வந்துவிட்டது. பெல் அடித்துப் பார்த்தாயிற்று, கேரியரில் கூட்டாளியை ஏற்றிப் பார்த்தாயிற்று, மட்கார்டில் பேரும் எழுதியாயிற்று. சீட்டின் மேல் சுற்றிய பாலிதீன் உறையைக் கிழிக்க மனசு வராமல் அப்படியே ஓட்டுகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். எல்லாம் சரி. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் பிடித்து ஓட்டுகிற ஹேண்டிலை அந்த உயரத்தில் வைத்தது யார்?

உதிரி பாகங்களாக லாரியில் வந்து இறங்கியதைப் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து பூட்டியவர் வைத்த உயரம் அது. வரிசை வரிசையாகப் பூட்டித் தள்ள வேண்டிய வேலை அவருக்கு. உங்கள் கை எவ்வளவு நீளம், கால் எவ்வளவு உயரம் என்று அவர் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. உங்கள் வகுப்பில் நாலே முக்கால் அடி உயரத்தில் ஒரு பெண் இருப்பாள், கதவு நிலையில் தலை இடிக்கிற பையன் ஒருவன் இருப்பான். இரண்டு பேருக்கும் ஹேண்டில் ஒரே மட்டத்தில்தான் நிற்கிறது. வருஷத்துக்குச் சில மணி நேரம் போட்டுக்கொள்ளும் ஆண்டுவிழாச் சட்டைக்குக்கூடத் தையல்காரரிடம் அளவு கொடுக்கிறோம். தினம் காலையும் மாலையும் உடம்பைச் சுமக்கிற சைக்கிளுக்கு யாரும் டேப் பிடிப்பதில்லை.

இது அரசாங்கத்தைக் குறை சொல்லும் கடிதம் இல்லை. 2001-02இல் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய திட்டம் இது. 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் எல்லாருக்கும் என்று விரிந்தது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதனால் என்ன நடந்தது என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2017இல் கட்டுரை வெளியிட்டார்கள். உயர்நிலை வகுப்புகளில் சேரும் பெண் பிள்ளைகள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஏரியூர்ப் பக்கம் இருக்கிற நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பஸ் விட்டுவிட்டால் அடுத்தது எப்போது என்று நின்று பார்த்தவர்கள் நாம். தூரத்தை வெல்லத்தான் சைக்கிள். அந்தத் தூரம் முழுக்கக் கழுத்தும் முதுகும் வலித்தால், நாலு மாதத்தில் சைக்கிள் திண்ணையோரம் சாய்ந்துவிடும். பிறகு அண்ணன் எடுத்துப்போவார், மாமா எடுத்துப்போவார். நீங்கள் மறுபடியும் பஸ்ஸுக்கு நிற்பீர்கள்.

அளவில்லாத சைக்கிளை ஓட்டுவதில் நம் ஊர்க்காரர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில் சீட்டு எட்டாமல், பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, இடுப்பை ஒடித்துக்கொண்டு குரங்குப் பெடல் அடித்த கதையைச் சொல்வார். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக அதையே விரும்பிக் கேட்டவர்களும் இருந்தார்களாம். கிடைத்த சைக்கிளுக்கு உடம்பை வளைத்துக்கொண்ட தலைமுறைகள் அவை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும்.

முதலில் உடம்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

பள்ளிக்கூடம் வந்து இறங்கும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனது மாதிரி இருக்கிறதா? உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக அல்நார் என்று ஒரு நரம்பு ஓடுகிறது. உடம்பின் பாரம் முன்னால் சாய்ந்து கைமேல் இறங்கும்போது அது ஹேண்டிலுக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்குகிறது. பின்கழுத்து வலிக்கிறதா? குனிந்த முதுகோடு சாலையைப் பார்க்க வேண்டுமானால் தலையை அண்ணாந்தே வைத்திருக்க வேண்டும். நாலைந்து கிலோ எடையுள்ள தலையைக் கழுத்துத் தசை வழிநெடுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதுகில் புத்தகப் பை வேறு தொங்கினால் கேட்கவே வேண்டாம். இடுப்புக்கு மேலே இழுத்துப் பிடிப்பதும், தோள்பட்டை காதுவரைக்கும் ஏறி நிற்பதும் இதே கூட்டம்தான். இவற்றில் ஏதாவது இருந்தால் ஹேண்டில் உங்களுக்குத் தாழ்வாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மாறாக, வலியெல்லாம் பின்புறத்தில், வால் எலும்பில் இருந்தால் அது வேறு சேதி. ஹேண்டில் ரொம்ப உயர்ந்து, பாரம் முழுக்கச் சீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட சைக்கிள் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் பிடிமானம் இல்லாமல் அலையும். ஆகவே தூக்குவது என்றால் எட்டுகிற மட்டும் தூக்குவது என்று அர்த்தம் இல்லை.

ஹேண்டிலில் கை வைக்கும் முன்னால் சீட்டைச் சரிபண்ண வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சீட்டு மாறினால் ஹேண்டில் கணக்கும் மாறிவிடும். கூட்டாளி ஒருவரைச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீண்டால் சீட்டு உயரம் சரி. இதே உயரத்தில் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். முழங்கால் ஏற்கெனவே மடங்கி நின்றால் சீட்டு தாழ்வு. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் உயரம். இப்போதுதான் பழகுகிறவர்கள் இரண்டு காலும் தரையில் படுகிற மாதிரி கொஞ்ச நாள் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. கை பழகியதும் ஏற்றிவிடுங்கள். சீட்டின் மூக்கு மேலேயும் தூக்காமல் கீழேயும் சரியாமல் மட்டமாக இருக்கட்டும். மூக்கு கீழே சரிந்திருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள். அதைத் தடுக்கக் கைதான் முட்டுக் கொடுக்கும். அப்புறம் ஹேண்டிலை எவ்வளவு தூக்கினாலும் கை வலி போகாது.

இனி ஹேண்டில். பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வருகிற சைக்கிளில் கைப்பிடி, சீட்டின் மட்டத்துக்கோ அதைவிட ஓர் அங்குலம், இரண்டங்குலம் உயரத்திலோ இருப்பது பெரும்பாலானவர்களுக்குச் சௌகரியம். முழங்கை விறைக்காமல் லேசாக மடங்கி நிற்க வேண்டும். மணிக்கட்டு, முழங்கைக்கு நேராக இருக்க வேண்டும்.

நம் பக்கம் ஓடுகிற சாதாரண சைக்கிள்களில் ஹேண்டிலின் தண்டு, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கின் குழாய்க்குள் இறங்கி நிற்கிறது. உச்சியில் ஒரு நீளமான போல்ட்டின் தலை தெரியும். அந்த போல்ட் தண்டு முழுக்க உள்ளே ஓடி, அடியில் ஓர் ஆப்பைப் பிடித்திருக்கிறது. மேலே முடுக்க முடுக்க அந்த ஆப்பு மேலே இழுபட்டுக் குழாயின் உட்சுவரில் இறுகிக்கொள்ளும். ஹேண்டில் நகராமல் நிற்பது அதனால்தான். இந்த ஒரு சூட்சுமம் புரிந்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

போல்ட்டின் தலைக்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்பேனரை எடுங்கள். சில மாடல்களில் ஸ்பேனருக்குப் பதில் 6 எம்.எம். ஆலன் கீ போடும் குழி இருக்கும். இரண்டு மூன்று சுற்று மட்டும் கழற்றுங்கள். முழுசாக வெளியே எடுக்க வேண்டாம், எடுத்தால் ஆப்பு உள்ளே விழுந்துவிடும். இப்போது போல்ட்டின் தலை கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும், ஆனால் ஹேண்டில் அசையாது. ஆப்பு இன்னும் உள்ளே கடித்துக்கொண்டிருக்கிறது. போல்ட்டின் தலைமேல் ஒரு மரக்கட்டையை வைத்து, சுத்தியலால் மேலிருந்து ஒரு தட்டு. ‘டொக்’ என்று சத்தம் மாறும், எழும்பிய போல்ட் கீழே இறங்கும். ஆப்பு விட்டுவிட்டது. மரக்கட்டை இல்லாமல் நேராக அடித்தால் போல்ட்டின் தலை நசுங்கும்.

அடுத்து, முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பித் திருப்பி மேலே இழுங்கள். மழையில் நனைந்து துருப்பிடித்த சைக்கிளானால் அசையாது. இடுக்கில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் பாருங்கள். பலத்தைக் காட்டி முறுக்க வேண்டாம். தண்டு வெளியே வந்ததும் துடைத்துவிட்டு மெல்லிசாக கிரீஸ் தடவி இறக்கினால் அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது.

ஒரே ஒரு இடத்தில் பிடிவாதமாக இருங்கள். தண்டின்மேல் சுற்றிலும் சின்னச் சின்னக் கோடுகளாக ஒரு குறி பொறித்திருப்பார்கள். அந்தக் குறி வெளியே தெரியவே கூடாது. குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். தண்டில் குறியே பொறிக்கப்படவில்லை என்றால், குறைந்தது இரண்டரை அங்குலத் தண்டாவது உள்ளே இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அதற்கு மேல் தூக்கினால், இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து எழும் ஒரு நொடியில் தண்டு முறியலாம், குழாய் பிளக்கலாம். கையில் ஹேண்டில் மட்டும் இருக்கும், சைக்கிள் தன் வழியில் போகும். அவ்வளவு உயரமும் போதவில்லை என்றால் நீளத் தண்டு போட வேண்டும், அல்லது மேல்நோக்கி வளைந்த வேறு ஹேண்டில் மாற்ற வேண்டும். குறியைத் தாண்டுவது தீர்வு ஆகாது.

உயரம் வைத்ததும், சைக்கிளுக்கு முன்னால் நின்று ஹேண்டிலும் சக்கரமும் நேராக இருக்கிறதா என்று பார்த்து போல்ட்டை முடுக்குங்கள். முடுக்கிய பிறகு பரீட்சை உண்டு. முன்சக்கரத்தை மறுபடி முழங்காலில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை நன்றாகத் திருப்பிப் பாருங்கள். சக்கரத்தை விட்டுத் தனியாக நகர்ந்தால் இன்னும் முடுக்க வேண்டும். பிறகு ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். பிரேக் ஒயர் எங்காவது விறைத்து இழுபட்டால் அதன் நீளம் போதவில்லை என்று அர்த்தம். கடையில் நீள ஒயர் மாற்றாமல் ஓட்டக் கூடாது. கடைசியாக இரண்டு பிரேக்கையும் பிடித்து, சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். தண்டுக்குக் கீழே, போர்க்கின் கழுத்தில் இருக்கிற பெரிய நட்டுகளைத் தொடாதீர்கள். அவை பால்ரஸ்ஸைப் பிடித்திருக்கிற நட்டுகள், நம் வேலைக்குச் சம்பந்தமில்லை.

உங்களில் சிலரிடம் கியர் வைத்த புது மாதிரி சைக்கிள் இருக்கும். அதில் தண்டு குழாய்க்குள் போகாமல் குழாயின் வெளிப்பக்கத்தைக் கவ்வியிருந்தால், மேலே சொன்ன வழி செல்லாது. அதன் உச்சியில் இருக்கும் சின்ன போல்ட் ஹேண்டிலை உயர்த்துவதற்கில்லை. அதில் உயரம் வேண்டுமென்றால் அடியில் இருக்கும் வளையங்களை இடம் மாற்ற வேண்டும், அல்லது தண்டைக் கவிழ்த்துப் போட வேண்டும். அதைச் சைக்கிள் கடை அண்ணனிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது பையன்களிடம் தனியாக ஒரு வார்த்தை. ஹேண்டிலை அடிமட்டத்துக்கு இறக்கி, சீட்டை ஆகாயத்துக்கு ஏற்றி ஓட்டுவதுதான் கெத்து என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். ரேஸ் ஓட்டுகிறவர்கள் குனிவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வேகத்தில் அவர்களுக்கு முதல் எதிரி காற்று. அதைக் கிழித்துப் போக உடம்பைச் சுருக்குகிறார்கள். அதற்கென்று பல வருஷம் முதுகைப் பழக்கியிருக்கிறார்கள். நீங்கள் புத்தகப் பையோடும் சாப்பாட்டுத் தூக்கோடும் போகிற வேகத்துக்கு அந்தக் குனிவு எதையும் மிச்சம் பிடித்துத் தராது. ஆடிக் காற்று எதிரே அடித்தால்? முழங்கையை மடக்கிக் கொஞ்ச நேரம் குனிந்துகொள்ளுங்கள். உயர்ந்த ஹேண்டிலில் வேண்டும்போது குனியலாம். தாழ்ந்த ஹேண்டிலில் வேண்டும்போது நிமிர முடியாது.

நம் ஊர்ச் சாலைகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஏறினால் இறக்கம், இறங்கினால் ஏற்றம் என்று மலையடிவாரத்துச் சாலைகள் இவை. இறக்கத்தில் சைக்கிளே முன்னால் சாயும்போது உடம்பின் பாரமும் கைக்கு வரும். ஹேண்டில் தாழ்வாக இருந்தால் பாரத்தைத் தாங்குவதிலேயே கை களைத்துவிடும், பிரேக் பிடிக்க விரலில் தெம்பு இருக்காது. நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கு பாரம் பின்னால் இருக்கும், விரல் லகுவாக இருக்கும், எதிரே வரும் லாரியும் குறுக்கே ஓடும் ஆடும் முன்னதாகவே தெரியும். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் வைத்துக் கட்டுங்கள். தூக்குவாளியை ஹேண்டிலின் ஒரே பக்கத்தில் மாட்டாதீர்கள். இறக்கத்தில் அது ஆடும் ஆட்டம் ஹேண்டிலையும் ஆட்டும்.

உங்கள் சைக்கிளை முடித்த கையோடு வீட்டில் இன்னொரு சைக்கிளையும் பாருங்கள். தாத்தாவுடைய பழைய கறுப்புச் சைக்கிளைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அதில்தான் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தண்ணீர் வந்தது, நாகமரையிலிருந்து மீன் வந்தது. படகில் ஏறி அணைத் தண்ணீரைக் கடந்து பண்ணவாடிக் கரையில் இறங்கிய சைக்கிள்களும் உண்டு. அதை ஓட்டுகிற தாத்தாவின் கழுத்தையும் முதுகையும் நினைத்துப் பாருங்கள். தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது உங்கள் பாடத்திலேயே வந்திருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்னால், இங்கே பல பேர் ஆயுசு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். உங்களில் சிலருக்குப் பல்லில் காவி படிந்த வீட்டுப் பெரியவர்களைத் தெரியும். அதே புளோரைடு எலும்பில் சேர்ந்தால் முதுகுத்தண்டும் கழுத்தும் விறைத்துப்போகும். வயதாலும் விறைப்பு வரும், புளோரைடாலும் வரும். காரணம் எதுவாக இருந்தாலும், கழுத்து மடங்காத ஒருவரைத் தாழ்ந்த ஹேண்டிலில் குனியவைத்தால் அவரால் தலையை நிமிர்த்திச் சாலையைப் பார்க்க முடியாது. அவர் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் நாலு முழத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறார். உங்களுக்கு ஹேண்டிலை உயர்த்துவது சுகத்துக்கு. அவருக்கு அது கண் பார்வை மாதிரி அவசியம். திரும்பிப் பார்க்கவும் கழுத்து ஒத்துழைக்காது என்பதால், வலது கைப்பிடியில் ஒரு கண்ணாடியும் மாட்டிவிடுங்கள்.

ஆனால் தாத்தா சைக்கிளில் ஒரு பொறி இருக்கிறது. அதில் ஒயர் இல்லை, கம்பி பிரேக். பிரேக் பிடியிலிருந்து இறங்கும் கம்பிதான் முன்சக்கரத்தின் பிரேக் கட்டையை மேலே இழுத்து ரிம்மில் ஒட்டவைக்கிறது. ஹேண்டிலை ஓர் அங்குலம் தூக்கினால் கம்பியும் ஓர் அங்குலம் மேலே போகும். பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டு சக்கரம் சுற்றாது. அதனால் தூக்குவதற்கு முன்பே, இரண்டு கம்பிகள் சேருகிற இடத்தில் இருக்கும் சின்ன நட்டைத் தளர்த்திவிட்டு, ஹேண்டிலை வைத்த பிறகு கட்டைக்கும் ரிம்முக்கும் சின்ன இடைவெளி விட்டு மறுபடி இறுக்க வேண்டும். பின் பிரேக்கின் கம்பிக்கும் இதே கதைதான். முதல் முறை கடைக்காரர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், இரண்டாம் முறை நீங்கள் செய்யலாம்.

இவ்வளவையும் தனியாகச் செய்யத் தேவையில்லை. உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு பீரியட் கேட்டு வாங்குங்கள். வகுப்புக்கு ஒரு ஸ்பேனர் செட், ஒரு சுத்தியல், ஒரு மரக்கட்டை, கொஞ்சம் கிரீஸ் போதும். இரண்டு இரண்டு பேராகச் சேருங்கள், ஒருவர் உட்கார்ந்தால் ஒருவர் அளவு பார்க்கலாம். ஸ்பேனர் பையன்கள் கையிலும் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளும் வேலை பெண்கள் கையிலும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரு தடவையாவது போல்ட்டைத் திருக வேண்டும். ஒரே நாளில் இரண்டங்குலம் தூக்காதீர்கள். அரை அங்குலம் தூக்கி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, உடம்பு கேட்டால் மறுபடி அரை அங்குலம். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கழித்து போல்ட்டை இன்னொரு தரம் முடுக்குங்கள். பிளஸ் டூ முடிப்பதற்குள் உங்களில் பலர் இன்னும் வளர்ந்துவிடுவீர்கள், அப்போதும் மறுபடி அளவு பாருங்கள்.

அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் உங்கள் உடம்புக்கு ஏற்ற அளவு மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. அதை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வரும் சனிக்கிழமைக்குள் தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஏரியூர்க்காரன் ஒருவன்